நீட்டில் 6, பிளஸ் டூவில் 5 மதிப்பெண் குறைவு: எம்பிபிஎஸ் சேர வழி உண்டா?

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்:

"எங்களுக்குச் சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெங்களூர் வந்துவிட்டேன். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேதான் படித்தாள், சிபிஎஸ்இ. 2025 நீட்டில் 138 வந்தது. பொதுப் பிரிவில் விண்ணப்பித்தோம். அதற்கு 144 வேண்டுமாம். ஊரில் நாங்கள் பிசி, ஆனால் பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு அது செல்லாது என்று சொன்னதால் போடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்து 300க்கு 145. விடைத்தாள் நகலை வைத்து எண்ணிப் பார்த்தோம்: 172 கேள்விக்கு விடை போட்டிருக்கிறாள், 62 சரி. உயிரியலில் 85 போட்டு 38, வேதியியலில் 42 போட்டு 14, இயற்பியலில் 45ம் போட்டு 10. ஒரு கன்சல்டன்சியில், நன்கொடை கொடுத்தால் மேனேஜ்மென்ட் சீட், இல்லாவிட்டால் நீட் கேட்காத வெளிநாட்டுக் கல்லூரி என்கிறார்கள். முன்பணமும் கொடுத்துவிட்டோம், அசல் சான்றிதழ்களும் அவர்களிடம் இருக்கின்றன. இல்லை, ஒரு வருடம் டிராப் எடுத்து, வேறெதிலும் சேராமல் மறுபடி நீட் எழுதலாமா?"

பெங்களூரில் பியூ கல்லூரியில் (கர்நாடகத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு அதுதான் பெயர்) உயிரியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் இதே கவலையோடு வரும் பெற்றோர்களைப் பார்க்கிறேன். உங்கள் கேள்விக்குள் நாலைந்து கேள்விகள் சிக்கிக்கொண்டு கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் எது நிஜமான தடை, எது நீங்களே நினைத்துக்கொண்ட தடை என்று தெரியும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம், இந்த மதிப்பெண்ணில், எம்பிபிஎஸ் கிடையாது. இந்தியாவில் எந்தக் கல்லூரியிலும் கிடையாது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடையாது. அரசுக் கல்லூரி, தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், என்ஆர்ஐ ஒதுக்கீடு எதுவானாலும் நீட்டில் தகுதி பெற்றிருக்க வேண்டும்; சேர்க்கையும் கவுன்சலிங் வழியாகத்தான் நடக்க வேண்டும். கர்நாடகத்தின் அரசு, தனியார் கல்லூரி இடங்களை மல்லேஸ்வரத்தில் இருக்கும் கேஇஏ (கர்நாடகத் தேர்வு ஆணையம்) நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் டெல்லியிலிருந்து எம்சிசி (மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு) நிரப்புகிறது. வேலூர் சிஎம்சி போன்ற பழைய சிறுபான்மைக் கல்லூரிகளே நீட் வேண்டாம் என்று வழக்குப் போட்டுப் பார்த்தன. தனியார், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே உங்கள் கன்சல்டன்சி விற்பது இல்லாத சரக்கு. 'மேனேஜ்மென்ட் கோட்டா' என்ற பெயரில் இடங்கள் இருப்பது உண்மைதான். கர்நாடகத்தில் தனியார் கல்லூரிகளின் அந்த வகை இடத்துக்கு வருடக் கட்டணமே சுமார் 12 லட்சம். படிப்பு முடிவதற்குள் அரைக் கோடியைத் தாண்டிவிடும். அதற்கும் கேஇஏ பட்டியலில் பெயர் வந்தாக வேண்டும்.

இப்போது அந்த ஆறு மதிப்பெண்ணுக்கு வருகிறேன். நீங்கள் அதை நினைத்துத்தான் அதிகம் வருந்துகிறீர்கள் என்று தெரிகிறது. 144 என்பது சீட்டுக்கான மதிப்பெண் இல்லை. பொதுப் பிரிவுக்குத் தகுதி 50 பெர்சென்டைல். அதாவது எழுதினவர்களில் பாதிப் பேருக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2025இல் 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அப்படியானால் 144ஐத் தொட்டவர்கள் மட்டுமே ஏறக்குறைய 11 லட்சம் பேர். நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்கள் சுமார் 1.2 லட்சம். 144 என்பது வரிசையில் நிற்கக் கொடுக்கும் டோக்கன். உங்கள் மகளுக்கு அந்த டோக்கன்தான் ஆறு மதிப்பெண்ணில் தவறியது. பொதுப் பிரிவில் அரசு இடத்துக்கும் அவளுக்கும் நடுவே முந்நூறு மதிப்பெண்ணுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஆறே மார்க்தானே' என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடத்தைத் திட்டமிட்டால் அந்த வருடம் வீணாகும்.

மதிப்பெண்ணைக் குறியாக வைப்பதிலும் பயனில்லை. இதே தகுதிக் கோடு 2024இல் 162ஆக இருந்தது, 2025இல் 144. வினாத்தாள் கடினமானால் கோடு இறங்கும், எளிதானால் ஏறும். பார்க்க வேண்டியது தரவரிசை எண்ணைத்தான்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் உங்களுக்குத் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். இது நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பிசி சான்றிதழ் கர்நாடக அரசின் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, அதுவரை சரி. ஆனால் மத்திய அரசின் ஓபிசி பட்டியல் வேறு. அது மாநிலவாரியாக இருக்கிறது. வேலைக்காக வேறு மாநிலம் போனவர்கள் தங்கள் சொந்த மாநிலத்திலும் மத்திய அரசிடமும் அந்தச் சலுகையைக் கேட்கலாம். குடிபோன மாநிலத்தில்தான் கேட்க முடியாது. உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலிலும் இருந்து, கிரீமி லேயருக்குள், அதாவது சலுகை கிடைக்காத வசதியானவர்கள் பிரிவுக்குள், வராமல் இருந்தால் (வருமான வரம்பு 8 லட்சம்), உங்கள் சொந்த ஊர்த் தாலுகா வழியாக மத்திய ஓபிசி சான்றிதழ் வாங்கலாம். தமிழ்நாட்டுப் பிசி பட்டியலில் இருப்பவை எல்லாமே மத்தியப் பட்டியலில் இல்லை. அதனால் முதலில் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஓபிசி பிரிவில் விண்ணப்பித்திருந்தால் தகுதி 40 பெர்சென்டைல். 2025இல் அது 113 மதிப்பெண். அதாவது 138 எடுத்த உங்கள் மகள் தகுதி பெற்றிருப்பாள். பதறாதீர்கள், அப்போதும் எம்பிபிஎஸ் சீட் வந்திருக்காது. ஆனால் வெளிநாட்டில் சேரவும், ஆயுர்வேதம், சித்தா மாதிரியான படிப்புகளுக்கு முயற்சி செய்யவும் வாசல் திறந்திருக்கும். விண்ணப்பத்தைத் திருத்தும் அவகாசம் முடிந்துவிட்டதால் இந்த வருடம் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த முறை எழுதுவதாக இருந்தால் விண்ணப்பம் வருவதற்கு முன்னாலேயே ஒருமுறை வாணியம்பாடி போய்வந்து, காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள்.

அடுத்தது அந்த 145. இது நிஜமான தடை. ஆனால் சரிசெய்யக்கூடியது. கேஇஏ கவுன்சலிங்கில் பொதுப் பிரிவு மாணவர்கள் மூன்று பாடமும் சேர்த்து 50 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், அதாவது 300க்கு 150. கர்நாடகத்தின் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் போதும்; உங்கள் மகள் இங்கே பொதுப் பிரிவுதான் என்பதால் 150 தேவை. ஒவ்வொரு பாடத்திலும் 50 எடுக்க வேண்டியதில்லை, கூட்டுத்தொகை போதும். இந்த 150ஐத் தாண்டினால் சரி. 151 எடுத்தவருக்கும் 290 எடுத்தவருக்கும் தரவரிசையில் வித்தியாசம் கிடையாது, வரிசை நீட்டை வைத்துத்தான்.

சிபிஎஸ்இயில் இரண்டு வாய்ப்பு உண்டு. தேறின மாணவரும் அதே வருடம் ஜூலையில் நடக்கும் சப்ளிமெண்டரி தேர்வில் ஒரு பாடத்தை மேம்படுத்தி எழுதலாம். அதற்கான விண்ணப்பம் பெரும்பாலும் ஜூனிலேயே முடிந்துவிடும். பள்ளியில் இன்றைக்கே கேளுங்கள். அது போய்விட்டிருந்தால், அடுத்த வருடப் பொதுத்தேர்வில் இம்ப்ரூவ்மென்ட் எழுதலாம். ஒரு பாடமோ பல பாடமோ அவள் விருப்பம். செய்முறை மதிப்பெண் பழையதே வரும், எழுத்துத் தேர்வு மட்டும் எழுதினால் போதும். ஆனால் இந்த வாய்ப்பு அடுத்த வருடம் மட்டும்தான். அதையும் விட்டால் பிறகு 145தான் கடைசிவரை. நீட்டில் மூழ்கியிருக்கிற பிள்ளைகள் இதை மறந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ரேங்க் வந்த பிறகு இந்த ஐந்து மதிப்பெண் வந்து குறுக்கே நிற்கும். என் யோசனை, அவள் உயிரியலையே எழுதட்டும். நீட்டுக்குப் படிக்கிற படிப்பே அதற்கும் ஆகும். அதில் 54ஓ 55ஓ எடுத்திருந்தாலும் இன்னும் ஐந்து எடுப்பது பெரிய காரியமில்லை.

(இதைப் படிக்கும் பியூ மாணவர்களின் பெற்றோர்களுக்கு: கர்நாடக போர்டில் 2024இலிருந்து ஒரே வருடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வு. அடுத்த தேர்வில் எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலே எடுக்காத பிள்ளைகளும் அதைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. இன்னும் நிறையப் பேருக்கு இது தெரியவில்லை.)

சரி, டிராப் எடுக்கலாமா?

நீங்கள் கொடுத்த எண்ணிக்கையை உட்கார்ந்து பார்த்தேன். எண்ணி அனுப்பினதற்கு நன்றி. பலர் மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொல்கிறார்கள், அதில் ஒன்றும் தெரியாது. 62 சரி, ஒன்றுக்கு நாலு, 248. தவறு 110, ஒன்றுக்கு ஒன்று கழிக்க, 138. கணக்கு சரியாக வருகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்திருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே நாலில் ஒன்று சரியாகும். இயற்பியலில் 45ம் போட்டு 10 சரி. குருட்டாம்போக்கில் போட்டாலே 11 வரும். அதாவது இயற்பியலில் அவள் ஒரு கேள்வியைக்கூடத் தெரிந்து போட்டதாகத் தெரியவில்லை. வேதியியலில் உறுதியாகத் தெரிந்தது நாலைந்து இருக்கலாம். உயிரியலில் இருபது சொச்சம். மொத்தத் தாளில் 180க்கு இருபத்தைந்து கேள்விதான் அவளுக்கு நிஜமாகத் தெரிந்திருக்கிறது.

இது அவள் மக்கு என்பதைக் காட்டவில்லை. இயற்பியலைப் பார்த்தாலே அவளுக்குப் பயம் என்பதைக் காட்டுகிறது, பதினொன்றாம் வகுப்புப் பாடம் அடியோடு விட்டுப்போயிருக்கிறது என்பதையும் காட்டுகிறது. இரண்டையும் ஒரு வருடத்தில் சரிசெய்த பிள்ளைகள் உண்டு. ஆனால் அவளுக்கு அது 'ரிப்பீட்' வருடமாக இருக்காது, முதலிலிருந்து படிக்கிற வருடமாக இருக்கும். கோச்சிங் சென்டர்களில் ரிப்பீட்டர் பேட்ச் என்று தனியாக வைத்திருப்பார்கள். அங்கே 400, 450 எடுத்த பிள்ளைகளோடு உட்கார வைத்து வேகமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு அந்த வகுப்பு ஒத்துவராது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை அடியிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், கூடவே வாரம் ஒரு தேர்வு, இதுதான் அவளுக்குத் தேவை.

முடிவெடுக்கும் முன் மூன்று வாரம் ஒரு சோதனை வையுங்கள். மற்ற கல்லூரிகளில் சேர்க்கை முடிவதற்குள் இது முடிந்துவிடும். என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து உயிரியலில் மனித இனப்பெருக்கம், மரபியல் இரண்டு பாடம், வேதியியலில் மோல் கணக்கு வரும் முதல் பாடம், இயற்பியலில் மின்னோட்டம். நாலு பாடம்தான். வரி வரியாகப் படிக்கட்டும். கடைசி நாள் அந்தப் பாடங்களிலிருந்து பழைய நீட் கேள்விகளை எடுத்து, கடிகாரம் வைத்து எழுதட்டும். தெரியாத கேள்வியைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். அவளுக்கு என்ன தெரியும் என்பதுதான் நமக்கு வேண்டும். உயிரியலில் பத்துக்கு எட்டும், மின்னோட்டத்தில் பாதியும் சரியாக வந்தால் தைரியமாக ஒரு வருடம் கொடுங்கள். உயிரியலுக்கு மட்டுமே 90 கேள்வி, 360 மதிப்பெண்; அதில் வலுவாகிவிட்டால் நிலைமையே மாறும். மூன்று வாரத்துக்குப் பிறகும் மின்னோட்டம் பிடிபடவில்லை, புத்தகத்தைத் திறக்கவே மனமில்லை என்றால், அதையும் மதியுங்கள்.

பாடத்திட்டம் 2024 தேர்விலிருந்து குறைக்கப்பட்டிருக்கிறது. அக்கா, அண்ணன் விட்டுப்போன பழைய கைடுகளில் இப்போது தேவையில்லாத பாடங்கள் இருக்கும். புதிய பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றை முதலிலேயே அடித்துவிடுங்கள்.

எத்தனை முறை வேண்டுமானாலும் நீட் எழுதலாம், உச்ச வயது வரம்பும் இப்போது கிடையாது. அதனாலேயே சில வீடுகளில் மூன்று, நாலு வருடம் ஓடிவிடுகிறது. என் கருத்து, ஒரு வருடம் போதும். அந்த வருட முடிவில் 450ஐத் தொட்டு, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றால் மட்டும் இரண்டாவதை யோசிக்கலாம். அப்புறம், இந்தக் கேள்வியை அவளிடம் தனியாக, அம்மா கேட்டால் இன்னும் நல்லது, கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை.

டிராப் வேண்டாம் என்று முடிவானால், அவள் கேஇஏ நடத்தும் பொது நுழைவுத் தேர்வான சிஇடி எழுதியிருந்தாளா என்று பாருங்கள். பிஎஸ்சி நர்சிங்கின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள், பி.பார்ம், கர்நாடகக் கால்நடை மருத்துவ இடங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான். நர்சிங்குக்கு மூன்று பாடத்திலும் சேர்த்து 45 சதவீதம் போதும், அவளிடம் 48 இருக்கிறது. ரேடியாலஜி, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ், லேப் டெக்னாலஜி பட்டப்படிப்புகள் இங்கே ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் நிறைய இருக்கின்றன. சேரும் முன் அந்தக் கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நோயாளிகளே இல்லாத கட்டடத்தில் நர்சிங் படித்து என்ன பயன்?

வெளிநாடு பற்றி. நீட் இல்லாமல் அங்கே சேர்த்துக்கொள்வார்கள், அது பொய்யில்லை. திரும்பி வந்தால் இந்தியாவில் டாக்டராகப் பதிவு செய்ய முடியாது, அதை மட்டும் சொல்லமாட்டார்கள். நீட் தகுதி பெற்றுப் போனாலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் கடுமையானவை: ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு பெறும் தகுதி, இங்கே வந்து எப்எம்ஜிஇ என்ற, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தேர்வு, மறுபடி 12 மாதப் பயிற்சி. எப்எம்ஜிஇயில் 300க்கு 150 எடுத்தால் தேர்ச்சிதான், ஆனால் சமீப வருடங்களில் எழுதுபவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. இயற்பியல் பயத்திலிருந்து தப்பிக்க அவளை ஆறு வருடம் வெளிநாடு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அடுத்த வருடம் நல்ல ரேங்க் வந்தால் எந்த மாநிலம் என்ற கேள்வி வரும். ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்து, பத்தாவதோ பன்னிரண்டாவதோ இங்கே தேறியிருந்தால் கர்நாடக இடங்களுக்கு உரிமை உண்டு; அவளுக்கு அது தெளிவாக இருக்கிறது. படிப்புச் சான்றிதழில் பள்ளியின் முத்திரையோடு பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) கையெழுத்தும் கேட்பார்கள். கடைசி வாரத்தில் அந்த அலுவலகத்தில் கூட்டம் அலைமோதும், இப்போதே வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று பிறப்பிடச் சான்றிதழோடு அங்கேயும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் இரண்டு மாநிலத்திலும் ஒரே நேரத்தில் உரிமை கோரக்கூடாது, மாட்டிக்கொண்டால் இரண்டும் போகும். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதமான அகில இந்திய ஒதுக்கீடு எல்லோருக்கும் பொது, அதில் தனியாக விண்ணப்பிக்கலாம்.

இதையெல்லாம் தொடங்கும் முன்னால் நாளைக் காலையிலேயே அந்தக் கன்சல்டன்சிக்குப் போய் அசல் சான்றிதழ்களைக் கேளுங்கள். பணத்தைப் பற்றி முதலில் பேச்செடுக்க வேண்டாம். 'கேஇஏ சரிபார்ப்புக்கு வேண்டும்' என்று சொல்லி வாங்கிவிடுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். கைக்கு வந்த பிறகு, நீட் தகுதி இல்லாமல் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லி வாங்கின முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, ரசீதின் நகலை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் சொன்னதையெல்லாம் அழிக்காமல் வைத்திருங்கள். சான்றிதழைத் தர மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதற்கான ரசீது வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலைத் தாங்கள் வைத்திருப்பதாலேயே உங்களைக் கட்டிப்போட முடியும் என்று அவர்கள் நினைக்கலாம். சிபிஎஸ்இ மதிப்பெண் பட்டியல் அரசின் இணையச் சான்றிதழ்ப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைக்கும், தொலைந்த அசலுக்குப் போர்டிடம் நகல் கேட்டும் வாங்கலாம். அதனால் பயந்து இரண்டாம் தவணை எதையும் கட்டிவிடாதீர்கள்.